ஏழையின் கண்ணும் ரண வைத்தியரின் கடமையும்

மேல்மலையனூரில் அங்காளம்மன் சந்நிதியில் அமாவாசை இரவு கூடும் ஜன சமுத்திரத்தை நேயர்கள் அறிவார்கள். விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை முதலிய திக்குகளிலிருந்து வந்து, நள்ளிரவில் அம்மனின் ஊஞ்சலைத் தரிசித்து, விடியற்காலையில் ஊர் திரும்பும் அந்த ஜனங்களில் பெரும்பாலோர் சிறு குடியானவர்களும் கூலி வேலை செய்து பிழைப்பவர்களுமே. சில மாதங்களுக்கு முன் ஓர் அமாவாசையன்று நாமும் ஒரு நண்பருடன் அங்கே போயிருந்தோம். தரிசனம் முடிந்து ஒரு டீக்கடை பெஞ்சியில் அமர்ந்திருந்தபோது, எழுபது வயது மதிக்கத்தக்க முதியவர் ஒருவர் கம்பை ஊன்றிக்கொண்டு நம் அருகில் வந்து, மடியிலிருந்து நான்காக மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினார். நம்மை வக்கீல் என்று நண்பர் யாரிடமோ சொல்லியது அவர் காதில் விழுந்திருக்கிறது.

"ஐயா, இதுல என்னா எழுதியிருக்குதுன்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க. வர்ற வெள்ளிக்கிழமை கண்ணு ஆப்ரேசனுக்கு வரச் சொல்லியிருக்காங்க" என்றார்.

காகிதம் முழுவதும் இங்கிலீஷில் அச்சிடப்பட்டிருந்தது. ஏதோ ஓர் இலவசக் கண் சிகிச்சை முகாமில் அவருக்குக் கொடுத்த சம்மதப் பத்திரத்தின் நகல் அது. 'இந்த ஆபரேஷனின் தன்மை, அதனால் நேரக்கூடிய அபாயங்கள், அதற்குப் பதிலாகச் செய்யக்கூடிய வேறு சிகிச்சைகள் ஆகிய யாவும் எனக்குத் தெரிந்த பாஷையில் எனக்கு விளக்கிச் சொல்லப்பட்டன. யாவற்றையும் நன்கு உணர்ந்து, எவருடைய நிர்ப்பந்தமும் இன்றிச் சம்மதிக்கிறேன்' என்பது அதன் சாரம். கீழே நீல மையில் ஒரு பெருவிரல் ரேகை. எந்தக் கண் என்று குறிக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. ஆபரேஷன் செய்யப்போகும் டாக்டரின் பெயருக்குரிய இடமும் வெறுமையாகவே இருந்தது.

"பெரியவரே, இதையெல்லாம் உங்களுக்கு யார் விளக்கிச் சொன்னார்கள்?" என்று கேட்டோம்.

"யாரும் சொல்லலீங்க. இங்க வெரல் வையின்னாங்க, வெச்சேன். நல்லது செய்ய வந்தவங்ககிட்ட கேள்வி கேட்டா நல்லா இருக்குமாங்க?"

அம்முதியவருக்கு ஆபரேஷன் நல்லபடியாகவே நடந்தது. அடுத்த அமாவாசைக்குக் கம்பு இல்லாமல் வந்து, நம் நண்பரைக் கண்டு சந்தோஷமாகப் பேசிவிட்டுப் போனாராம். இதைச் சொல்லிவிட்டு நண்பர் நம்மைப் பார்த்து, "கண் தெரிந்துவிட்டது, காகிதத்தில் எது இருந்தால் என்ன? இலவசமாக நன்மை செய்கிறவர்களிடத்தில் நீங்கள் ஏன் சட்டம் பேசுகிறீர்கள்?" என்று கேட்டார். கேள்வி நியாயமானது போலத்தான் தோன்றுகிறது. தேசத் தொண்டில் ஈடுபட்டுள்ள அன்பர்கள் பலருக்கும் இதே எண்ணம் இருக்கிறதென்பது நமக்குத் தெரியும். ஆதலால் இதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறோம்.

பதிலுக்காக வெகு தூரம் போக வேண்டியதில்லை. 2008-ஆம் வருஷம் ஜூலை மாதக் கடைசியில், அப்போது நமது விழுப்புரம் ஜில்லாவில் சேர்ந்திருந்ததும், 2019-இல் பிரிந்து கள்ளக்குறிச்சி ஜில்லாவில் சேர்ந்ததுமான நயினார்பாளையம் பக்கத்துக் கிராமங்களில் ஓர் இலவசக் கண் முகாம் நடந்தது. அங்கே பொறுக்கி எடுக்கப்பட்ட கண்புரை நோயாளிகளைப் பெரம்பலூரிலுள்ள ஓர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்று ஆபரேஷன் செய்தார்கள். அவர்களில் 66 பேர் ஆபரேஷன் செய்த கண்ணில் பார்வையை இழந்தார்கள். மங்கலாகவேனும் தெரிந்துகொண்டிருந்த கண், கட்டு அவிழ்த்தபோது அடியோடு இருண்டுவிட்டது. கிருமி புகுந்து கண்ணுக்குள் சீழ் பிடித்ததே காரணம். சர்க்கார் நிவாரணத் தொகை கொடுத்தது. வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறை வரையில் போயிற்று. அந்த ஆஸ்பத்திரியின் பெயரை நாம் இங்கே எடுத்துக் கூறவில்லை. ஒரு பெயரைச் சொல்லிவிட்டால் குற்றம் அந்தப் பெயரோடு போயிற்று என்று மற்றவர்கள் நிம்மதியாக இருந்துவிடுவார்கள். அந்த 66 பேரும் நம் முதியவரைப் போலவே விரல் வைத்தவர்கள்தாம். அவர்களும், நல்லது செய்ய வந்தவர்களிடம் கேள்வி கேட்பது மரியாதையன்று என்று எண்ணியவர்கள்தாம்.

இது முதல் தடவையுமன்று. 1986-ஆம் வருஷம் ஏப்ரலில் ஐக்கிய மாகாணம் என்று முன்னர் வழங்கிய உத்தரப் பிரதேசத்தில், புலந்த்ஷகர் ஜில்லா குர்ஜா என்ற ஊரில், லயன்ஸ் கிளப்பார் ஒரு கண் முகாம் நடத்தினார்கள். 108 பேருக்கு ஆபரேஷன் நடந்தது. அவர்களில் 88 பேருக்குக் கண்புரை ஆபரேஷன். அந்த 88 பேரில் 84 பேரின் கண் போயிற்று. கண்ணைக் கழுவப் பயன்படுத்திய உப்பு நீரில் கிருமி இருந்ததென்று சந்தேகிக்கப்பட்டது. விஷயம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போய், 1989-ஆம் வருஷம் மே மாதம் தீர்ப்பாயிற்று. ஏற்கெனவே கொடுத்த 5,000 ரூபாயுடன், ஆளுக்கு மேற்கொண்டு 12,500 ரூபாய் மாகாண சர்க்கார் கொடுக்க வேண்டும் என்று கோர்ட்டார் உத்தரவிட்டார்கள். ஆனால் அந்தத் தொகையை உரிமையின் பேரில் அவர்கள் கொடுக்கவில்லை. மனிதாபிமானத்தின் பேரில் கொடுத்தார்கள். தீர்ப்பை எழுதிய நீதிபதி வெங்கடாசலய்யா அவர்களிடம் நமக்கு மிகுந்த மதிப்புண்டு. எனினும், தருமமாகக் கண்ணை வெட்டினார்கள், கண் போயிற்று, பிறகு தருமமாகவே பணமும் கொடுத்தார்கள் என்று அந்த 84 பேரும் எண்ணியிருப்பார்களானால் அதில் தவறென்ன?

நண்பர் கேட்ட கேள்வியின் உள்ளே ஒளிந்திருக்கும் விஷயம் இதுவே. காசு கொடுத்தவனுக்குக் கடமை. காசு கொடாதவனுக்குக் கருணை. இவ்விரண்டுக்கும் நடுவில் உள்ள பேதத்தை நம் ஜனங்கள் மனதில் ஏற்றுக்கொண்டு விட்டார்கள். கருணையாகக் கிடைப்பதைக் கணக்குக் கேட்கக் கூடாது என்பது நம் கிராமங்களில் ஊறிப்போன பண்பு. பண்பு என்னவோ உயர்ந்ததுதான். ஆனால் அதை ஆதாரமாக வைத்துக்கொண்டு ஒரு மனிதன் மற்றொரு மனிதனின் கண்ணில் கத்தி வைப்பதை எந்தத் தருமமும் அனுமதிக்காது.

முதலாவதாக, இலவசம் என்று சொல்லப்படுவது இலவசமே அன்று. 1976-இல் மத்திய சர்க்கார் குருட்டுத்தன்மைத் தடுப்புத் திட்டத்தை ஆரம்பித்தார்கள். பின்னர், 1994 முதல் 2002 வரையில் உலக பாங்கின் கடனுதவியோடு ஏழு மாகாணங்களில் கண்புரை நீக்கும் பெருந்திட்டம் ஒன்று நடந்தது. தமிழ்நாடும் அவற்றுள் ஒன்று. முகாம் நடத்தும் தரும ஸ்தாபனங்களுக்கு, ஓர் ஆபரேஷனுக்கு இவ்வளவு என்று சர்க்கார் மானியம் கொடுக்கும் ஏற்பாடு இப்படித்தான் வேரூன்றிற்று. அம்மானியம் ஜனங்களின் வரிப்பணம். கூலிக்காரனும் சோப்பு வாங்கும்போது அந்த வரியைச் செலுத்தியே இருக்கிறான். ஆக, படுக்கையில் படுத்திருக்கும் ஏழை தன் கட்டணத்தை முன்பணமாகவே கொடுத்தவன். அவனுக்கு ரசீது மட்டும் கிடைக்கவில்லை.

சட்டத்தில் இந்தப் பேதம் எப்படி நுழைந்திருக்கிறதென்பதையும் நேயர்கள் தெரிந்துகொள்வது நல்லது. வைத்தியர்களின் சேவை நுகர்வோர் சட்டத்திற்கு உட்பட்டதே என்று 1995-ஆம் வருஷம் நவம்பர் 13-ஆம் தேதி, சாந்தா வழக்கு என்று வழங்கும் வழக்கில், சுப்ரீம் கோர்ட்டார் தீர்ப்புச் செய்தார்கள். அத்தீர்ப்பின்படி, எல்லாரிடமும் கட்டணம் வாங்கும் ஆஸ்பத்திரி சட்டத்திற்கு உட்பட்டது. சிலரிடம் வாங்கிச் சிலருக்கு இலவசமாகச் செய்யும் ஆஸ்பத்திரியும் உட்பட்டது. அங்கே இலவசமாகச் சிகிச்சை பெற்றவனும் வழக்குத் தொடுக்கலாம். ஆனால் எல்லாருக்கும் முழுக்க முழுக்க இலவசமாகச் செய்யும் இடமானால் அச்சட்டத்தின் வாசல் மூடப்பட்டது. 2019-இல் வந்த புதுச் சட்டத்திலும் இலவச சேவை விலக்கப்பட்டே இருக்கிறது. சிவில் கோர்ட்டு திறந்திருக்கிறதே என்று நம் தொழில் நண்பர்கள் சொல்வார்கள். திறந்துதான் இருக்கிறது. ஒரு கண் போன கூலியாள் அந்த வாசற்படி ஏறி, பத்து வருஷம் வாய்தாவுக்கு நடந்து, டாக்டர்களுக்கு எதிராக வேறொரு டாக்டரைச் சாட்சி சொல்ல அழைத்து வந்து நிறுத்துவதைக் கற்பனை செய்து பார்க்கிறவர்களுக்கு அந்தப் பதிலின் பெறுமானம் விளங்கும்.

இனி, கத்தியின் விஷயத்துக்கு வருவோம். கண்புரை ஆபரேஷன் மிகப் பழமையானது. நம் நாட்டில் சுசுருதர் காலத்திலேயே புரையைத் தள்ளும் வித்தை தெரிந்திருந்தது. அவர் தம் சீடர்களைப் பூசணியிலும் சுரைக்காயிலும் கத்தியைப் பழகச் செய்த பின்னரே மனித சரீரத்தைத் தொட அனுமதித்தார் என்பதைப் பெருமையோடு பேசுகிறோம். இக்காலத்து ஆபரேஷன் சில நிமிஷங்களில் முடிந்துவிடும். கண்ணின் ஓரத்தில் சிறு துவாரம் செய்து, மங்கிய வில்லையை எடுத்துவிட்டு, செயற்கை வில்லையை வைக்கிறார்கள். அவ்வளவு நேரமும் கண்ணுக்குள் ஒரு திரவம் ஓடிக்கொண்டே இருக்கும். இங்கேதான் ஆபத்து. ஆயுதத்தை ஒழுங்காக ஆவியில் வேக வைக்காவிட்டால் அடுத்த கண்ணுக்குக் கெடுதல். திரவத்தில் கிருமி இருந்துவிட்டாலோ, அன்றைக்கு மேஜையில் படுத்த அத்தனை கண்களுக்கும் கெடுதல். ஒருவனுக்கு நேரும் விபத்து ஒருவனோடு போகும். முகாமில் நேரும் விபத்து ஊரோடு போகும். குர்ஜாவில் 84 பேர், நம் ஜில்லாவில் 66 பேர் என்று எண்ணிக்கை திரள்வதன் ரகசியம் இதுதான். 2021 நவம்பரில் பீகாரில் முசாபர்பூரிலும் இதே கதை நடந்தது. பலருக்குக் கண்ணையே தோண்டி எடுக்க வேண்டி வந்தது.

ஆகவே கூட்டமாக ஆபரேஷன் செய்கிறவருக்குச் சுத்தத்தைப் பற்றிய கவலை, தனித்தனியாகச் செய்கிறவருக்கு இருப்பதைவிடப் பன்மடங்கு இருக்க வேண்டும். நடைமுறையிலோ நேர்மாறாக இருக்கிறது. தொகை ஏற ஏறக் கவனம் இறங்குகிறது. தலைக்கு இவ்வளவு என்று மானியமும், மாதத்துக்கு இத்தனை என்று இலக்கும் வைத்துவிட்டால், டாக்டரின் பார்வை நோயாளியின் மேலிருந்து கணக்குப் புஸ்தகத்தின் மேல் போய்விடும்.

இந்தக் கேடு எந்த எல்லைக்குப் போகும் என்பதற்குச் சத்தீஸ்கரில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அது கண் விஷயமன்று, கருத்தடை விஷயம், நீதி ஒன்றே. 2014-ஆம் வருஷம் நவம்பர் 8-ஆம் தேதி, பிலாஸ்பூருக்கு அருகில் பெண்டாரி என்ற கிராமத்தில், உபயோகத்தில் இல்லாமல் கிடந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரிக் கட்டிடத்தில், ஒரே டாக்டர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்தார். அம்முகாமையும் அதையொட்டி நடந்த மற்ற முகாம்களையும் சேர்த்து 13 பெண்கள் இறந்தார்கள். அத்தனை பேரும் இளம் தாய்மார்கள். அதே டாக்டருக்கு, அதே வருஷம் ஜனவரி 26-ஆம் தேதி, 50,000 ஆபரேஷன் செய்த சாதனைக்காக மாகாண சர்க்கார் பாராட்டு வழங்கியிருந்தது. இதைப் படிக்கும்போது யாரைக் குறை கூறுவது? கத்தி பிடித்தவரையா, கணக்கெடுத்துப் பட்டம் கொடுத்தவர்களையா? 2016-ஆம் வருஷம் செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டார், இத்தகைய கருத்தடை முகாம்களையே மூன்று வருஷத்திற்குள் நிறுத்திவிட வேண்டுமென்று உத்தரவிட்டார்கள்.

இவ்விதம் எழுதினால், "நீங்கள் கண்டித்தால் முகாம்கள் நின்றுவிடும், ஏழைகள் குருடர்களாகவே சாக வேண்டியதுதான்" என்று சிலர் பயமுறுத்துவார்கள். அவர்களுக்கு மதுரையைக் காட்டுகிறோம். டாக்டர் ஜி. வெங்கடசாமி அவர்கள் 1918-இல் பிறந்தவர். வாலிபத்தில் மூட்டு வாதத்தால் விரல்கள் கோணிப்போயின. அந்தக் கோணல் விரல்களால் கத்தி பிடிக்கப் பழகி, லட்சத்துக்கு மேற்பட்ட ஆபரேஷன்கள் செய்தார். சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கொடுக்கக்கூடியவர்களிடம் கட்டணம் வாங்கி, அதனால் கொடாதவர்களுக்கும் செய்வது என்பது அவர் கண்ட ஏற்பாடு. கிராமத்தில் முகாம் போட்டுச் சோதிப்பார்கள். ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரிக்கே அழைத்து வருவார்கள். செயற்கை வில்லையின் விலை ஏழைக்கு எட்டாமல் இருந்தபோது, 1992-இல் அதைத் தயாரிக்கத் தாங்களே ஆரோலாப் என்ற தொழிற்சாலை வைத்து விலையை இறக்கினார்கள். வெங்கடசாமி 2006-இல் காலமானார். கூட்டம் அங்கேயும் கூட்டம்தான். ஒரு நாளில் அங்கே நடக்கும் ஆபரேஷன்கள் மற்ற இடங்களில் ஒரு மாதத்திலும் நடக்காது. ஆகையால் எண்ணிக்கையே பாவம் என்று நாம் சொல்லவில்லை. எண்ணிக்கைக்குத் தக்க ஒழுங்கு இல்லாமல் எண்ணிக்கையை மட்டும் தேடுவதையே சொல்லுகிறோம். புதுச்சேரியிலுள்ள அவர்களுடைய ஆஸ்பத்திரிக்கு நம் திண்டிவனம், செஞ்சிப் பக்கத்து ஜனங்கள் போய் வருகிறார்கள். ஏழைக்கு நேர்த்தியாகச் செய்ய முடியாது என்ற வாதம் நம் வாசலிலேயே பொய்யாகிறது.

ஒழுங்கு என்பது பெரிய வித்தையன்று. 2008-ஆம் வருஷம் ஜூன் மாதம் உலக சுகாதார ஸ்தாபனத்தார் ஆபரேஷன் அறைகளுக்கென்று ஒரு பக்கத்தில் அடங்கும் 19 கேள்விகள் கொண்ட ஜாபிதா ஒன்றை வெளியிட்டார்கள். மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்பு, கத்தி வைப்பதற்கு முன்பு, நோயாளி அறையைவிட்டு வெளியேறுவதற்கு முன்பு என்று மூன்று தடவை நின்று, உரக்கக் கேட்டுப் பதில் பெற வேண்டும். ஆள் இவர்தானா? எந்தப் பக்கம்? சம்மதம் கொடுத்திருக்கிறாரா? கருவிகள் சுத்தமாயினவா? இவ்வளவுதான். டில்லி உட்பட எட்டு நகரங்களின் ஆஸ்பத்திரிகளில் இதைப் பரீட்சித்துப் பார்த்ததில், மரணங்கள் நூற்றுக்கு ஒன்றரையிலிருந்து ஒன்றுக்கும் கீழே இறங்கியதாக 2009 ஜனவரியில் பிரசுரமாயிற்று. அந்த ஜாபிதா வெளியானதற்கு மறு மாதம்தான் நயினார்பாளையத்து ஜனங்கள் பஸ் ஏறினார்கள்.

இப்போது மேல்மலையனூர் முதியவரின் காகிதத்தைத் திரும்பவும் எடுத்துக்கொள்வோம். நாம் அதை ஒரு சடங்காகக் கருதிவிட முடியாது. 2008-ஆம் வருஷம் ஜனவரி 16-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டார் கொடுத்த தீர்ப்பு ஒன்று உண்டு. டில்லியில் 44 வயதுள்ள பெண்மணி ஒருவர் வயிற்றைச் சோதித்துப் பார்ப்பதற்காக மட்டும் சம்மதித்து மயக்க மருந்து ஏற்றுக்கொண்டார். அவர் மயங்கிக் கிடந்தபோது, வெளியே காத்திருந்த தாயாரிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு, டாக்டர் அவருடைய கருப்பையை எடுத்துவிட்டார். அவர் நன்மைக்கே செய்தோம் என்பது டாக்டர் தரப்பு வாதம். கோர்ட்டார் ஏற்கவில்லை. சுய புத்தியுள்ள ஒருவருடைய சரீரத்தைப் பற்றி அவர்தாம் சம்மதிக்க வேண்டும். சோதனைக்குக் கொடுத்த சம்மதம் சிகிச்சைக்கு ஆகாது. உயிருக்கு உடனே ஆபத்து இருந்தாலொழிய, எழுந்த பிறகு கேட்டுச் செய்வதே முறை. சம்மதம் கேட்பதற்கு முன் நோயாளிக்கு இன்னின்ன விஷயங்களைச் சொல்லியிருக்க வேண்டும் என்று விவரமாக எழுதினார்கள். டாக்டருக்குக் கட்டணம் இல்லையென்றும், அவர் 25,000 ரூபாய் நஷ்ட ஈடு கொடுக்க வேண்டுமென்றும் தீர்ப்பாயிற்று. நல்லெண்ணம் சம்மதத்திற்கு ஈடாகாது என்பது அன்று முதல் இந்நாட்டுச் சட்டம். டில்லிப் பெண்மணியின் சரீரம் அவருடையதாக இருக்கும்போது, மேல்மலையனூர் முதியவரின் கண் மட்டும் முகாம்காரர்களுடையதாகிவிடுமா?

வைத்தியக் கவுன்ஸிலின் 2002-ஆம் வருஷத்து நடத்தை விதிகளும் ஆபரேஷனுக்கு முன் எழுத்து மூலம் சம்மதம் வாங்க வேண்டும் என்கின்றன. நோயாளியின் குறிப்புகளை மூன்று வருஷம் பாதுகாக்க வேண்டும், அவர் கேட்டால் 72 மணி நேரத்திற்குள் கொடுக்க வேண்டும் என்றும் அவ்விதிகளில் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் புது விதிகள் பிரசுரமாகி, அதே மாதத்திலேயே நிறுத்தி வைக்கப்பட்டன. கேட்டால் கொடுக்க வேண்டும், சரி. கேட்கலாம் என்று ஏழைக்குச் சொல்வது யார்?

இவ்விஷயத்தில் நம் முன்னோரை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட சரபோஜி மன்னர் கண் வைத்தியத்தில் மிகுந்த ஈடுபாடு உள்ளவர். அவர் காலத்துக் கண் நோயாளிகளின் குறிப்பேடுகள், ஒவ்வொருவருடைய கண்ணின் வர்ணப் படத்தோடும், சிகிச்சைக்கு முன்னும் பின்னும் இருந்த நிலைமையின் விவரத்தோடும் சரஸ்வதி மஹால் புஸ்தகசாலையில் இன்றும் இருக்கின்றன. இரண்டு நூற்றாண்டுக்கு முன் ஒரு ராஜாவின் தரும சிகிச்சையில் ஒரு குடியானவனின் கண்ணுக்குக் கிடைத்த அந்த மரியாதை, ஜனநாயகத்தில் வோட்டு உள்ள குடியானவனின் கண்ணுக்கு ஏன் கிடைக்கவில்லை? எந்தக் கண் என்றுகூட எழுதாமல் விரல் ரேகை வாங்குகிறார்களே!

ரண வைத்தியர்கள் பக்கத்து நியாயத்தையும் நாம் சொல்லாமல் விடலாகாது. கத்தி வைத்தவரெல்லாம் கொலைகாரர் என்று பேசும் கூட்டம் ஒன்று கிளம்பியிருக்கிறது. நோயாளி இறந்துவிட்டால் உறவினர் ஆஸ்பத்திரியைத் தாக்குவதும், டாக்டரை அடிப்பதும் சகஜமாகி, 2008-இல் தமிழ்நாட்டில் அதற்கென்றே ஒரு சட்டம் செய்ய வேண்டி வந்தது. திறமையும் கவனமும் உள்ள கையிலும் ஆபரேஷன் தவறிப்போவதுண்டு. 2005-ஆம் வருஷம் ஆகஸ்டில் ஜேக்கப் மாத்யூ வழக்கில், சாதாரணத் தவறுக்காக டாக்டரைக் கிரிமினல் கூண்டில் ஏற்றக் கூடாது, கடுமையான அஜாக்கிரதை இருந்தால்தான் ஏற்றலாம், அதற்கும் முன்னதாக வேறொரு தகுதியுள்ள டாக்டரின் அபிப்பிராயம் வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டார் சொன்னது முற்றிலும் நியாயம். 2024 ஜூலை முதல் அமலில் உள்ள புதிய தண்டனைச் சட்டத்தில், அஜாக்கிரதையால் நேரும் மரணத்திற்கு மற்றவர்களுக்கு ஐந்து வருஷம் வரை சிறை என்றிருக்க, சிகிச்சையின்போது நேர்ந்தால் டாக்டருக்கு இரண்டு வருஷம் வரை என்று வைத்திருக்கிறார்கள். அதையும் நாம் ஆட்சேபிக்கவில்லை. பயந்துகொண்டு கத்தி பிடிக்கிறவர் கடினமான நோயாளியைத் தொடவே மாட்டார். முதலில் கைவிடப்படுபவன் ஏழையாகவே இருப்பான்.

ஆனால் இந்தப் பாதுகாப்பு ஒரு கடமையோடு சேர்ந்து வருகிறது. தவறு நேர்ந்தால் நோயாளியிடம் உண்மையைச் சொல்வதே அது. நமக்குத் தெரிந்த வரையில், ஆஸ்பத்திரிகளின் மேல் வழக்குப் போட வருகிற கட்சிக்காரர்களில் பாதிப் பேர், ஆபரேஷன் கெட்டது என்பதற்காக வருவதில்லை. "யாரும் ஒரு வார்த்தை சொல்லலீங்க, நர்சம்மாவைக் கேட்டா டாக்டரைக் கேளுங்கன்னாங்க, டாக்டரைப் பார்க்கவே விடலீங்க" என்பதுதான் அவர்கள் பிராது. வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் நோயாளி, வைத்தியன், மருந்து, அருகிருந்து உதவுவோன் என்று வைத்தியத்துக்கு நான்கு அங்கம் வகுத்தபோது நோயாளியை வைத்தியனுக்கு முன்னால் வைத்தார். முகாம்களில் நோயாளி ஓர் எண். நெற்றியில் ஒட்டிய பிளாஸ்திரியில் எழுதியிருக்கும் எண்.

கடைசியாக, நம் நேயர்களான தேசத் தொண்டர்களிடம் ஒரு வார்த்தை. இதற்காகவே இவ்வளவும் எழுதினோம். முகாம்களை நடத்துகிறவர்கள் டாக்டர்கள் மட்டுமல்லர். தலைவரின் பிறந்த நாளுக்கு ஒரு கண் முகாம், கட்சி ஆண்டு விழாவுக்கு ஒரு கண் முகாம் என்று பந்தல் போட்டு, ஒலிபெருக்கி வைத்து, தங்கள் படத்தோடு பலகை கட்டி ஜனங்களை அழைத்து வருகிறவர்கள் நம் தொண்டர்களே. டாக்டரை அறியாத கிராமவாசி நம்மை அறிவான். நம் முகத்தைப் பார்த்துத்தான் அவன் விரலை நீட்டுகிறான். ஆனால் பஸ் புறப்பட்டதோடு நம் வேலை முடிந்ததென்று வீடு திரும்பிவிடுகிறோம். கட்டு அவிழ்க்கும் நாளில் அங்கே போய் நின்ற தொண்டர் எத்தனை பேர்? அந்த ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் அறையில் கிருமிச் சோதனை எப்போது நடந்தது, ஒரு டாக்டர் ஒரு நாளில் எத்தனை கண்களுக்குச் செய்கிறார், நோயாளி வீடு திரும்பிய பிறகு வலி எடுத்தால் எந்த நம்பருக்குப் பேச வேண்டும் என்று முன்கூட்டிக் கேட்டுக் குறித்துக்கொண்டவர் எத்தனை பேர்? கண்ணுக்குள் சீழ் பிடித்தால் நாள் கணக்கில் அல்ல, மணிக் கணக்கில் வைத்தியம் பார்க்க வேண்டும். அந்த மணிகளில் கிராமவாசியின் பக்கத்தில் டாக்டர் இருக்கமாட்டார், நாம் இருக்கலாம்.

பலகையில் தம் படத்தைப் போட்டுக்கொள்கிறவர், அதே பலகையில் ஆபரேஷன் செய்யப்போகும் டாக்டரின் பெயரையும் ஆஸ்பத்திரியின் பெயரையும் போடட்டும். சம்மதப் பத்திரம் தமிழில் இருக்கட்டும். அதை முகாம்காரர் அல்லாத ஒருவர், ஊர்ப் பள்ளி ஆசிரியரோ கிராம நர்ஸோ, நோயாளிக்கும் அவர் வீட்டார் ஒருவருக்கும் உரக்கப் படித்துக் காட்டட்டும். எந்தக் கண் என்று நோயாளியே தொட்டுக் காட்ட, அவர் எதிரில் எழுதட்டும். பெயர் எழுதத் தெரிந்தவரிடம்கூட விரல் ரேகை வாங்கும் பழக்கத்தை விடட்டும். நம் முதியவர் மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். தன் பெயரை எழுதத் தெரியுமாம். "கையெழுத்துப் போடறேன்னுதாங்க சொன்னேன். நேரமாவுது, வெரல வையின்னுட்டாங்க" என்று நண்பரிடம் சொல்லியிருக்கிறார்.

இக்குறிப்புகளைக்கொண்டு கண்புரை ஆபரேஷனுக்குரிய சம்மதப் பத்திரம் ஒன்றை, ஒரு பக்கத்தில் அடங்குமாறு, எளிய தமிழில் நாமே தயாரித்திருக்கிறோம். கண் டாக்டர்கள் இருவர் பார்த்துத் திருத்தியிருக்கிறார்கள். மேல்மலையனூர் முகாமை நடத்தியவர்களுக்கு ஒரு பிரதியைச் சென்ற வாரம் தபாலில் அனுப்பினோம். வேண்டும் அன்பர்கள் நம் காரியாலயத்துக்கு எழுதினால் கட்டணமின்றி அனுப்பப்படும். முகாம்காரர்களிடமிருந்து இதுவரை பதில் வரவில்லை. வந்ததும் இதே பக்கத்தில் வெளியிடுவோம்.